கண்களை மூடிக் கேட்டவருக்கு, பின்வரிசையிலிருந்து

புதுவை மண்ணில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் பயின்று, பைந்தமிழைப் பணியாய் ஏற்று, முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைக்குத் தூணாய், துணையாய், துறைக்கூட்டங்களில் மட்டும் சற்றே தொல்லையாயும் விளங்கிய பேராசிரியை மிரேய் அவர்களே! மாணவர் நாவில் மிரேய் மிஸ்ஸாகவும், எங்கள் நாவில் மேடமாகவும், வாயிற்காவலர் நாவில் மதாமாகவும் வழங்கும் அம்மையீர், பணி நிறைவு பெற்று விடைபெறும் இந்நாளில் உங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

அன்புக் கடலே, அறிவுச் சுடரே, பண்பின் சிகரமே என்று தொடங்குவது இத்தகைய மடல்களின் மரபு. அப்படித் தொடங்கிய மடலொன்றை இதே மேடையில் முன்னாள் துறைத்தலைவருக்கு நாங்கள் வாசித்தபோது, "இது யாருக்கு வேணாலும் பொருந்துமே" என்று பக்கத்திலிருந்தவரிடம் நீங்கள் மெல்லச் சொன்னது, அணைக்க மறந்த ஒலிவாங்கி வழியே அரங்கம் முழுவதும் கேட்டுவிட்டது. முன்னாள் துறைத்தலைவர் சிரித்துவிட்டார். மடலை எழுதிய நாங்கள்தான் அசடு வழிந்தோம். ஆகவே கடலையும் சுடரையும் சிகரத்தையும் இம்முறை விட்டுவிட்டு, உங்களுக்கு மட்டுமே பொருந்துவதை எழுதுவது என்று முடிவு செய்தோம். அது இத்தனை வருத்தமான மடலாக முடியும் என்று தொடங்கும்போது நினைக்கவில்லை.

செவிச்செல்வம் வாய்க்கப்பெற்ற அம்மையீர்! நீங்கள் படித்த பள்ளியில் 'திக்தே' என்றொரு பயிற்சி உண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆசிரியை வாசிப்பார், மாணவிகள் கேட்டு எழுதுவார்கள். அதை நீங்கள் அப்படியே தலைகீழாக்கிக் கொண்டுவந்தீர்கள். உங்கள் கட்டுரை வகுப்பில் மாணவர் வாசிப்பார், ஆசிரியை கேட்பார். எழுதியவர் தம் கட்டுரையைத் தாமே வாசிக்கக்கூடாது. அது வேறொருவர் கைக்குப் போகும். எழுதியவர் பின்வரிசைக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து, 'சரி, ஆரம்பிக்கலாம்' என்ற பொருளில் "அலோர்" என்று ஒரு பிரெஞ்சுச் சொல் சொல்லிக் கண்களை மூடிக்கொள்வீர்கள். வாசிப்பு முடிந்ததும் கண் திறக்காமலே எழுதியவர் பெயரைச் சொல்வீர்கள். அதன் பிறகுதான் மதிப்பெண். காதால் கேட்காத கட்டுரைக்கு நீங்கள் பேனா திறந்ததே இல்லை.

அந்தக் காதுக்குக் கல்லூரியில் இருந்த பெயரும் பயமும் சாதாரணமல்ல. ஒருமுறை ஒரு மாணவரின் கட்டுரையைக் கேட்டுவிட்டு, "இது உன்னோடது இல்லப்பா, உங்க அண்ணன் எழுதினது. அவன் இதே பெஞ்சிலதான் உக்காந்திருந்தான், இன்னும் அதே மாதிரி ஒவ்வொரு பத்தியையும் கேள்வியில முடிக்கிறான்" என்றீர்கள். அண்ணன் மறுநாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டார். மழைநாளில் வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்தபோது மாடிப்படியில் மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து, மழைச் சத்தத்துக்கு மேல் கத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் நீங்கள். எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வகுப்பையும் சேர்த்து எடுத்தவர் நீங்கள். உப்பளம் பகுதியிலிருந்து பழைய ஸ்கூட்டியில் வந்து இறங்கி, நேரம் தவறி வரும் எங்களை ஒரு சொல்லும் சொல்லாமல், கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓடுகிறதா என்று பார்த்தே எங்களைத் திருத்தியவரும் நீங்கள்தான்.

இப்படி இனிதே சென்றுகொண்டிருந்த காலத்தில்தான் ஏஐ வந்தது. கேட்டதை எழுதித்தரும் கருவி ஒவ்வொரு மாணவர் கைபேசியிலும் குடியேறியது. நேற்றுவரை ஒரு பக்கம் எழுதத் திணறியவர்களெல்லாம் திடீரென்று செந்தமிழில் செழிக்கத் தொடங்கினார்கள். நம் துறையில் நடந்த கூட்டங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

முனைவர் அரிகிருஷ்ணன் எழுந்து, வீட்டுக் கட்டுரை என்பதையே ஒழித்துவிட வேண்டும், கைபேசிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வகுப்பிலேயே எழுதவைக்க வேண்டும் என்றார். "நம்ம புள்ளைங்க கெட்டவங்க இல்ல. ஆனா சுலபமா கெடைக்கிறத வேணாம்னு சொல்ற வயசா இது?" என்று கேட்டார். முனைவர் ஹேமலதா அதை ஏற்கவில்லை. கருவி வந்துவிட்டது, இனி போகாது, அதை வைத்துக்கொண்டு எப்படி யோசிப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை என்றார். "நம்மளே சர்க்குலர அதுலதானே எழுதுறோம்" என்று அவர் சொன்னதும் சிலர் திடீரென்று தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள். எங்களில் இளையவரான கோபிநாத், ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதை நம்பலாம் என்றார். சோதித்துக் காட்டுவதற்காகத் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டையே அதில் ஏற்றினார். இந்தக் கருவியெல்லாம் பிறப்பதற்கு முன்பே அவர் எழுதிய ஆய்வேடு அது. பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று மென்பொருள் தீர்ப்பளித்தது. அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியே கழன்று விழுந்தது.

பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "பெட்டியும் வேணாம், சாப்ட்வேரும் வேணாம். எனக்குக் காது இருக்கு." அரிகிருஷ்ணன் விடவில்லை. விதி ஒன்று வேண்டும் என்றார். ஏஐ எழுதிய கட்டுரை என்று தெரிந்தால், பிடிபட்டாலும் தானே ஒப்புக்கொண்டாலும், மதிப்பெண் ரத்து, அடுத்த ஆண்டு மீண்டும் அந்தத் தாளை எழுத வேண்டும் என்பது விதி. நாங்கள் எல்லோரும் ஒப்பமிட்டோம். துறைத்தலைவர் என்ற முறையில் நீங்கள் கடைசியாக ஒப்பமிட்டீர்கள். "என் வகுப்புக்கு இது தேவைப்படாது" என்று சொல்லிக்கொண்டே ஒப்பமிட்டீர்கள்.

தன்னம்பிக்கையின் தலைமகளே! அந்த ஒரு வாக்கியம் உங்களை இந்த ஆண்டு முழுவதும் எப்படி அலைக்கழித்தது என்பதை நாங்கள் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். இதைப் பாராட்டு மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. எழுதாமல் விட்டால், இந்த மடலும் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மடலாகிவிடும். அதனால் எழுதுகிறோம்.

இறுதியாண்டு மாணவி தனம் கடலோரக் குப்பத்திலிருந்து பேருந்தில் வருகிறவர். தாயார் அன்னக்கிளி முதலியார்பேட்டைத் தெருக்களில் அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்பவர். தந்தை இல்லை. "என் வீட்டுப் பொருள் ஒன்று" என்ற தலைப்பில் தனம் தந்த கட்டுரை அந்த அன்னக்கூடையைப் பற்றியது. புயல் வீசிய நாளில் கடலுக்குப் போன தந்தை திரும்பவில்லை, அவரை விழுங்கிய கடல் தந்த மீனையே தாய் தலையில் சுமக்கிறாள் என்று அந்தக் கட்டுரை சொன்னது. வகுப்பில் வேறொரு மாணவி அதை வாசித்து முடித்தார். நீங்கள் கண் திறக்காமலே "தனம்" என்றீர்கள். கண் ஓரம் ஈரமாக இருந்தது என்று மாணவர்கள் சொன்னார்கள். எல்லாரையும்விட அதிக மதிப்பெண் கொடுத்தீர்கள். கல்லூரி விழாவில் சிறந்த கட்டுரையாக அதையே வாசிப்பது என்றும், தனத்தின் தாயாரை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைப்பது என்றும் நீங்களே ஏற்பாடு செய்தீர்கள். எங்கள் அறைக்கு வந்து, "பாத்தீங்களா, எந்த மிஷினாவது இப்டி எழுதுமா?" என்று கேட்டீர்கள். நாங்களும் தலையாட்டினோம்.

விழாவுக்கு முந்தைய நாள் தனம் உங்கள் அறைக்கு வந்தார். நாங்களும் அங்கே இருந்தோம். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றார்.

"மிஸ், அத நான் எழுதல. ஏஐல போட்டு எடுத்தேன்" என்றார்.

நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்டீர்கள். யாருக்கும் தெரிந்திருக்காதே என்றும் கேட்டீர்கள்.

"எங்கப்பா கடல்ல சாகல மிஸ். போட்ட வித்து ரொம்ப நாளாச்சு. கிட்னி போயிடுச்சு, ஆஸ்பத்திரியிலதான் செத்தாரு. அதுவா கடல்ல செத்தாருன்னு எழுதிக் குடுத்துச்சு. படிக்க நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன். நாளைக்கு எங்கம்மா முன்னாடி உக்காந்துகினு இத கேப்பாங்களே, அதான் மனசு வரல."

தண்டனைக்குப் பயந்து அவர் வரவில்லை. தகப்பனுக்கு வேறொரு சாவைத் தாய் காதில் போடக்கூடாது என்று வந்தார். அதை அங்கிருந்த எல்லோரும் புரிந்துகொண்டோம்.

நீங்கள் மறைத்திருக்கலாம். கட்டுரையை விழாவிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் தனம் இந்த ஆண்டே பட்டம் பெற்றிருப்பார், பி.எட். படிக்கவும் சேர்ந்திருப்பார். ஆனால் மறைப்பது உங்கள் வழக்கமல்ல. தானாக வந்து உண்மை சொன்ன பெண்ணைத் துறை தண்டிக்காது என்று எங்கள்மேல் நம்பிக்கை வைத்து, கூட்டத்தைக் கூட்டினீர்கள். அங்கே முதலில் தனத்தைப் பற்றிப் பேசாமல் உங்களைப் பற்றித்தான் பேசினீர்கள்.

"நான் தனத்தக் கேக்கல. நான் என்ன எதிர்பார்த்தேனோ அதத்தான் கேட்டேன். மீனவப் பொண்ணு, அப்பா இல்ல, அப்ப கடல்லதான் செத்திருப்பாருன்னு எனக்குள்ளயே ஒரு கத இருந்திருக்கு. மிஷினுக்கும் அதே கததான் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டோம்" என்றீர்கள்.

தனத்தையும் அழைத்திருந்தோம். நீயாக எழுத முயலவே இல்லையா என்று அரிகிருஷ்ணன் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. "ரெண்டு வரி எழுதினேன் சார். அதுக்கு மேல வரல" என்றார் தனம். "அந்த ரெண்டு வரி என்னம்மா?" என்று கேட்டதற்கு, "அது நல்லா இல்ல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் எழுந்தார்கள். அந்த இரண்டு வரியை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

தனத்துக்கு விலக்கு அளிக்கலாம், புதிதாக ஒரு கட்டுரை எழுதவைத்து மதிப்பெண் போடலாம் என்றீர்கள். ஹேமலதா உங்கள் பக்கம் நின்றார். "சொல்லாதவங்கல்லாம் பாஸ் ஆயிட்டாங்க, சொன்னவளுக்கு மட்டும் தண்டனையா?" என்றார். அரிகிருஷ்ணனும் தப்பாகப் பேசவில்லை. "இன்னைக்கு இவளுக்கு விட்டா, நாளைக்கு மாட்டினவன்லாம் நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்னு வருவான். அப்ப எவனை நம்புறது?" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. நம்மில் பாதிப்பேர் இந்தப் பக்கமும் பாதிப்பேர் அந்தப் பக்கமும் இருந்தோம். நீங்களே ஒப்பமிட்ட விதி அப்படியே நின்றது. தனத்துக்கு ஓராண்டு போனது.

அழகிய தமிழுக்கு அடைக்கலம் தந்த அம்மையீர்! அதற்குப் பின் வந்த பருவம்தான் உங்கள் கடைசிப் பருவம். அந்தப் பருவத்தில் நீங்கள் கண்களை மூடவே இல்லை. ஜன்னலோர நாற்காலி இடம் மாறியது. பின்வரிசைக்கு யாரையும் அனுப்பவில்லை. கட்டுரைகளைக் கட்டாக வாங்கி, எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, எங்களைப் போலவே சிவப்புப் பேனாவால் திருத்தினீர்கள். 'அலோர்' கேட்காத அந்த வகுப்பைக் கடந்துபோகும்போது எங்களுக்கு என்னவோ போல் இருந்தது. ஒரு நாள் ஹேமலதா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "காதுமேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு ஹேமா. இனிமே கண்ண மூடினா அது வெறும் நடிப்பு" என்றீர்கள்.

அதைக் கேட்டு எங்களுக்கு வந்தது வருத்தம்தான், வேறொன்றும் இல்லை. மென்பொருள் தோற்றபோது சேர்ந்து சிரித்தோம். நீங்கள் தோற்றபோது எங்களால் சிரிக்கவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. ஏஐ குறித்து எங்கள் கருத்துகள் இன்றைக்கும் ஒன்றுசேரவில்லை. அரிகிருஷ்ணன் பெட்டி வாங்கிவிட்டார். ஹேமலதா அதே கருவியை வகுப்பில் திறந்துவைத்து, அது எங்கே புளுகுகிறது என்று மாணவர்களைத் தேடச் சொல்கிறார். கோபிநாத் மென்பொருளை மட்டும் கைவிட்டார். ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். ஒரு மாணவர் எழுதியதை இத்தனை பொறுமையாக உட்கார்ந்து கேட்க எங்களில் யாருக்கும் வராது. அந்தக் காது ஒருமுறை தவறியது உண்மை. அதற்காக அது கேட்டதெல்லாம் பொய்யாகிவிடாது, மேடம்.

வருகிற பருவத்தில் தனம் அந்தத் தாளை மீண்டும் எழுதப்போகிறார். கோபிநாத் வகுப்பெடுப்பார். அப்போது நீங்கள் பிரான்சில், துலூசில் தம்பி ஜூல் வீட்டில் இருப்பீர்கள். இத்தனை ஆண்டும் அவர் "வந்துடு அக்கா" என்று கூப்பிட்டபோதெல்லாம் கட்டுரைக் கட்டைக் காரணம் காட்டி மறுத்தீர்கள். இப்போது மறுக்கக் காரணம் இல்லாமல் போகிறீர்கள் என்பதுதான் எங்களுக்கு அதிக வருத்தம். யாருக்காகத் தனம் சரியாக எழுத நினைக்கிறாரோ, அவர் எதிரே இருக்கமாட்டார்.

ஆகவே, அம்மையீர், பாராட்டு மடலில் வழக்கமில்லாத ஒன்றைச் செய்திருக்கிறோம். இந்த நிகழ்ச்சியை மேடையில் சொல்லலாமா என்று தனத்திடம் கேட்டோம். "சொல்லுங்க சார். ஆனா நானே படிக்கிறேன்" என்றார். எழுதியவர் வாசிக்கக்கூடாது என்பது உங்கள் விதி. அதன்படி மடலை எழுதிய நாங்கள் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறோம். இவ்வளவு நேரம் உங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கும் குரல் தனத்தின் குரல். கல்லூரி விழாவுக்கு வரமுடியாமல் போன அவர் தாயார் அன்னக்கிளி, இன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

போகிற இடத்தில் குளிர் உங்களை வாட்டாதிருக்கட்டும். முழங்கால் வலி முன்னைப்போல் முரண்டு பிடிக்காதிருக்கட்டும். திருத்தச் சொல்லி யாரும் கட்டுரைக் கட்டு கொண்டுவராத காலைப்பொழுதுகள் உங்களுக்கு நிறையக் கிடைக்கட்டும், அவை உங்களுக்குக் கொஞ்சம் அலுத்தும் போகட்டும். அலுத்ததும் திரும்பி வாருங்கள். நெடுங்காலம் நலமாய் வாழ்ந்து, நேரம் தவறி வருகிறவர்களை இன்னும் பல ஆண்டு கைக்கடிகாரத்தால் மிரட்டுங்கள்.

இந்த மடலில் கடைசிப் பத்தி ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் எழுதவில்லை. எழுதியவரே அதை வாசிக்கிறார். இந்த ஒரு முறை விதியை மீற அனுமதியுங்கள். அலோர், மேடம். கண்களை மூடிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு அன்னக்கூடை இருக்கிறது. அதன் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அது மீன் பாரத்தால் வந்தது இல்லை. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கும் நாட்களில் அம்மா மீன் விற்றுவிட்டு நேராக அங்கே வந்துவிடுவார். உடம்பெல்லாம் மீன் வாசனை, மற்ற நோயாளிகளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அம்மாவே உள்ளே வரமாட்டார். வெளியே மரத்தடியில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அப்பா இறந்த அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னதும் எழுந்து, கூடையை நிமிர்த்தி, முந்தானையால் மண்ணைத் துடைத்தார். பிறகுதான் அழுதார். அன்றைக்கு நான் எழுதிய இரண்டு வரி, முதலில் இருக்கும் இரண்டு வரிதான். மீதியை இப்போது எழுதினேன். நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்கலாம், மிஸ். இது நான் எழுதியது.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும்
தமிழ்த்துறை ஆசிரியர்கள்,
புதுச்சேரி